ஹாரியட் மலையும் இரு பட்டங்களும்

ரயிலே இல்லாத அந்தமானுக்கு, ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் விடுமுறையில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். சாத்தம் துறையில் படகேறி அக்கரையில் இறங்கினால் எதிரே தெரிவது ஹாரியட் மலை. 2021-இல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினர்.

இம்மலையில் சூரியாஸ்தமனம் கண்டு இறங்கிய ராஜப்பிரதிநிதி மேயோ பிரபு, 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் அடிவாரத்து ஹோப்டவுன் துறையில், ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். நார்மானிய வழிவந்த பர்க் குடும்பத்தார்க்கு 1785-இல் வழங்கப்பட்ட அயர்லாந்துப் பிரபுப் பட்டம் அவருடையது, அவர் ஆறாமவர். உயிர் பிரிந்த அப்பொழுதே மூத்த மகன் டெர்மட் ஏழாம் பிரபு ஆகிவிட்டார். குமாஸ்தா உத்தியோகத்திற்கு அந்தப் பாக்கியம் ஏது!

மலைமீது நடந்ததோ வேறு. 1891-ஆம் ஆண்டுப் போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கை ஆங்கிலேயர் நாடு கடத்தி, தம் வீரர் சிலருடன் இங்கே காவலில் வைத்தனர். செல்லுலார் சிறை அப்பொழுது கட்டப்படவில்லை. மன்னர் உயிரோடிருக்கவே, சூராசந்த் என்னும் சிறுவனைத் தெரிந்தெடுத்து அரியணையில் அமர்த்தினர். கொலையுண்டவரின் பட்டம் மகனைச் சேர்ந்தது. உயிரோடிருந்தவரின் பட்டம் பிறர் கொடுக்கும் பொருளாயிற்று. இதனை எம்மால் எளிதில் மறக்க இயலவில்லை.

மலையின் பெயரில் மேயோவும் இல்லை, குலசந்திரரும் இல்லை. அவருடைய நாடு இருக்கிறது. எம் பிள்ளைகள் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே படகுக்கு இறங்கினர்.