தாங்கும் கை

மருத்துவத்துக்கு நான்கு அங்கம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, பிணியாளன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் சேர்த்தெண்ணினார். அந்நான்காம் அங்கம் தளரின் ஏனைய மூன்றும் பயனிழத்தலை நாம் கண்கூடாகக் கண்டோம்.

பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த எம் தமையனார், ஒரு வைத்தியசாலையில் தேறிவரும் நாளில், கட்டிலினின்று சக்கர நாற்காலிக்கு மாற்றப்படுகையில் வீழ்ந்து இடுப்பெலும்பு முறியப்பெற்றார். தாங்கியவர் ஒருவரே, நாற்காலியின் பிறேக் பூட்டப்படவில்லை, அந்நாற்காலியும் செயலிழந்த பக்கத்தே நின்றது. சிலர் அதனை விதி என்றனர்; நாம் அதற்கு உடன்படோம்.

தாதியர் கல்வியிற் கற்பிக்கப்படும் முறை எளிது. நாற்காலியை வலுவுள்ள பக்கத்திற் கட்டிலோடு அணைத்து நிறுத்துக. கட்டில், நாற்காலி இரண்டின் சில்லுகளையும் பூட்டுக, கால்தாங்கிகளை விலக்குக. நோயாளரைக் கட்டில் விளிம்பிற் சற்றே இருத்துக. படுத்திருந்தவர் சடுதியாய் எழின் குருதியமுக்கம் தாழ்ந்து தலை சுற்றும். பாதங்கள் நிலத்தில் ஊன்றியபின், செய்யப்போவதை அவர்க்குச் சொல்லி, அக்குளைப் பற்றாது இடுப்புப் பட்டியைப் பற்றி எழுப்புக. ஐயமுளதேல் இரண்டாமவரை அழைக்க.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. சில நிமிடப் பொறுமை போதும். வைத்தியராயும் தாதியராயும் பணியாற்றும் எம் கல்லூரி மைந்தர் தத்தம் நோயாளர் விடுதிகளில் இதனை நியதியாக்குவாராயின், அதுவே அன்னைக் கல்லூரிக்கு அவர் இடும் விழாக் காணிக்கையாகும்.