கோட்டுக்கு வெளியே நாலு புள்ளி

பி.காம். படித்தவனிடம் புரோட்டீன் என்று சொன்னால் முட்டைதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான், போன மாதம் ஒரு ராத்திரி வரை.

மகள் பயோ இன்ஃபர்மேடிக்ஸில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு சதுரம். உள்ளே தீவுகள் மாதிரி சில வளைகோடுகள். அவற்றுக்குள் நூற்றுக்கணக்கில் புள்ளிகள். நாலு புள்ளி மட்டும் கரைக்கு வெளியே கிடந்தன.

“என்னம்மா இது?”

“ராமச்சந்திரன் பிளாட்ப்பா.”

“எந்த ஏரியாவுல? கிரவுண்டு என்ன விலை?” என்று கேட்டு முறைப்பை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மனமிரங்கிச் சொன்னாள். புரோட்டீன் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திருகிக்கொள்ளும். அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இஷ்டத்துக்குத் திருக முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காத கோணங்கள்தான் அந்தத் தீவுகள். மால்ப்ராபிட்டி மாதிரி இணையதளத்தில் நம் மாடலை ஏற்றினால், எத்தனை புள்ளி உள்ளே, எத்தனை வெளியே என்று காசு வாங்காமல் சொல்லிவிடும். நல்ல மாடல் என்றால் நூற்றுக்கு 98 புள்ளியாவது வசதியான பகுதியில் இருக்கணுமாம்.

அட, இது டிரையல் பேலன்ஸ்!

“சீனியர் ஒருத்தர் வழி சொன்னார்ப்பா. ஒரு புரோகிராம் ஓட்டினா நாலையும் உள்ளே தள்ளிடலாம். நாளைக்கே சப்மிட் பண்ணிடலாம்.”

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. இருபத்தோரு வயதில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஒரு மொத்த வியாபாரியின் கணக்கில் 270 ரூபாய் இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் ஏதோ ஓர் எண் இடம் மாறியிருக்கலாம் என்று படித்திருந்தேன். தேடச் சோம்பல். சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டேன். ஆடிட்டர் கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க லெட்ஜரைப் புரட்ட வைத்தார். ஒரு மளிகைக்கடைக்காரர் கட்டிய 630 ரூபாயை 360 என்று ஏற்றியிருந்தார்கள். கட்டின பணத்தைக் கட்டவில்லை என்று அந்த மனுஷனுக்குக் கடிதமே போயிருந்தது.

கதையைக் கேட்டுவிட்டு மகள் ஒன்றும் பேசவில்லை. நான் அந்த ராமச்சந்திரன் யாரென்று தேடிப் படித்தேன். ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரோட்டீன் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னவர். அந்த அமைப்பில் சில அணுக்கள் ரொம்ப நெருங்கி இருக்கின்றன, சரியில்லை என்று பிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து விமர்சனம் வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்! இவர் வெறுமனே சண்டைக்குப் போகவில்லை. அதுவரை அளந்திருந்த படிகங்களை எல்லாம் அலசி, எவ்வளவு நெருங்கினால் நிஜமாகவே இடிக்கும் என்று பார்த்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் வெளியிட்ட படம்தான் என் மகள் முன்னால் இருந்தது. ஆல்ஃபாஃபோல்டு கணித்துத் தரும் உருவங்களையும் இன்று இதில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

மறுநாள் காலை காபியோடு போனேன். ராத்திரி தூங்கவில்லை போல.

“ஒரு எழுத்து தள்ளிப் போயிருக்குப்பா. பழைய புரோட்டீனோட வரிசையையும் என்னோடதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறப்போ இடைவெளியைத் தப்பான இடத்துல விட்டுட்டேன். சரி பண்ணினதும் மூணு உள்ளே வந்துடுச்சு.”

“நாலாவது?”

“அது வராது. நான் மாதிரியா வெச்சுக்கிட்ட புரோட்டீன்லயும் அதே இடம் வெளியிலதான் இருக்கு. எக்ஸ்ரேல அளந்து பார்த்தது, ரொம்பத் தெளிவா இருக்கு. அது தப்பு இல்லைப்பா, அது அப்படித்தான்.”

“இப்போ உள்ளே தள்ளப்போறியா?”

“ம்ஹூம்.”

அந்த ஒரு புள்ளிக்காகத் தீசிஸில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் சஸ்பென்ஸ் கணக்கில் எதுவும் இல்லை.