கம்பி சொல்லும் சங்கீதம்

இரண்டு நாளாக ஒரே காணொளிதான் ஓடுகிறது வீட்டில். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இசையைக் கேம்ப்பெல் பிரதர்ஸ் குழு ஸ்டீல் கிதாரில் வாசிக்கிறது.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில், நான்கு பேர் ஒரே நாளில் பதிவு செய்த இசைத்தட்டு அது. குடியிலும் போதையிலும் கிடந்து 1957-இல் மீண்டு வந்த மனிதர் கடவுளுக்குச் சொன்ன நன்றி. நான்காவது பாகத்தின் பெயர் 'சாம்'. நம் வேதாகமத்தில் 'சங்கீதம்' என்கிறோமே, அதுதான். (எவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு!) கோல்ட்ரேன் தானே ஒரு ஜெபம் எழுதி, உறையில் அச்சிட்டு, அதைச் சாக்ஸபோனிலேயே அசை அசையாக ஓதுகிறார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரி வரியாகப் பின்தொடரலாம். பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தே காலம் போன எனக்கு அது பெரிய அதிசயம்.

இதைத் தொடலாமா என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. கேம்ப்பெல் குடும்பம் 'ஹவுஸ் ஆஃப் காட்' என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. ஹவாய்த் தீவிலிருந்து வந்த ஸ்டீல் கிதார் 1930-களிலேயே அந்தச் சபைக்குள் நுழைந்துவிட்டது. நம் கோட்டுவாத்தியம் போல, கம்பியை விரலால் அழுத்தாமல் மேலே ஓர் உலோகத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது. வில்லி ஈசன் என்பவர் ஒற்றைக் கம்பியில் மனிதக் குரலையே கொண்டுவந்தார். வார்த்தைகளை இசையில் ஓதுவது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். கோல்ட்ரேனின் தாத்தாக்கள் இருவருமே போதகர்கள். ஆராதனையில் பிறந்தது ஆராதனைக்காரர் கையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். சாக்ஸபோன் வாசிப்பவர் மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஜெபிப்பவரின் இயலாமை தெரிகிறது. கம்பிக்கு மூச்சு தேவையில்லை, நீண்டுகொண்டே போகிறது. அங்கே மட்டும் எனக்குக் கோல்ட்ரேன்தான்.

கேட்க நினைப்பவர்கள் முதலில் பழைய பதிவின் நான்காம் பாகத்தைக் கேளுங்கள். ஏழு நிமிடம்தான். பிறகு இவர்களிடம் வாருங்கள்.