பிரட்டுக்கு முன்னாடி ஒரு மந்திரம்

"தொழில் நல்லா வரணும்னா எந்த மந்திரம் சொல்லணும் சாமி?"

இன்னைக்குக் காலைல மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில்ல ஒரு தம்பி கேட்டாரு.
"கணபதி மந்திரம். 108 உரு. மனசு ஓடாம சொல்லுப்பா"ன்னார் ஐயர்.

அந்த "மனசு ஓடாம" என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு.

ஜபிக்க உக்காரும்போது கேக்குறது காசுதான். சொல்லச் சொல்ல, கேட்டதே மறந்துபோகுது. மூச்சும் பிள்ளையார் பேரும் மட்டும் மிஞ்சுது.
வளர்ச்சி அங்கதான் தொடங்குதுன்னு நான் முழுசா நம்புறேன்.

டச்சுக்காரங்க காலத்துல, 1781ல, தமிழ் வியாபாரிங்க வழிவந்த மலாக்கா செட்டிகள் எழுப்பின கோயில் இது. அவங்க வீட்டுப் பேச்சு எப்பவோ மலாய் ஆயிடுச்சு. சாமி கும்பிடுறது மட்டும் விட்டுப்போகல.
அதே தெருவுல மசூதி, கொஞ்சம் தள்ளி சீனக் கோயில்.
எத்தனை வியாபாரி எத்தனை மொழியில இங்க கை ஏந்தியிருப்பான்!

எங்க ஆயா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க.
விடியுமுன்னே, பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி, லயத்து வாசல்ல நின்னு பிள்ளையார் பேரைச் சொல்லுவாங்க.
ஜெபமாலை கிடையாது. விரல் கணுதான் கணக்கு.
வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: பிள்ளைங்க கையில பால் வெட்டுற கத்தி ஏறக்கூடாது.

காசு கேட்டு ஜபிக்கிறது மட்டம்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துவரல.
ஆயா கேட்டதுல எது பொருள், எது பக்தின்னு யாரால பிரிக்க முடியும்?

உங்க வீட்ல யாரு மந்திரம் சொல்லிக் குடுத்தாங்க? என்ன வேண்டிக்கச் சொன்னாங்க?