அடுத்த ஷிப்டு ஆள் வரும்வரை

டெபியன் இயங்குதளத்தில் ஒன்பது வருஷமாக நான் பராமரித்துவந்த மூன்று மென்பொருள் பொதிகளுக்கு 'தத்தெடுக்க ஆள் தேவை' என்று நேற்றிரவு எழுதிப்போட்டேன். சம்பளமில்லாத வேலை, எல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ராத்திரிகளில் செய்தது. யாரும் வராவிட்டால் 'அநாதை' என்று அறிவிக்கவேண்டும். அங்கே அதுதான் முறையான சொல். எனக்கு மனசு வரவில்லை.

யாரோ ஒருவரிடம் கொடுக்கவும் பயம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில், களைத்துப்போன பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர் இரண்டு வருஷம் நல்லபடியாக உழைத்து நம்பிக்கை பெற்று, 2024-ல் 5.6.0 பதிப்பில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக்கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்ற நிரலாளர் கவனித்ததால் தப்பித்தோம். களைத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரைத் தனியாக விட்டது நாமெல்லாரும்தான்.

அப்பா சுரங்கத்தில் அடுத்த ஷிப்டு ஆள் வந்து நிற்கும்வரை இயந்திரத்தைவிட்டு இறங்கமாட்டார். எந்த பேரிங் சூடாகிறது, எந்த பெல்ட் ஒருபக்கம் இழுக்கிறது, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வருவார். நானும் அப்படியொரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு தங்கச்சி பொதிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். "முதல்ல ஒரு பிழையை நீயே சரிபண்ணும்மா, கூட இருந்து பார்த்து நான் பதிவேற்றுறேன்" என்றேன்.