மண்டபத்துக் குழல் மீன்

இராமேசுவரம் செல்லும் நம் அன்பர்கள் பாம்பன் பாலத்தை வியந்து நோக்குவர். அதற்கு முந்திய மண்டபத்தில் இறங்குவோர் சிலரே. அங்கே பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் கடற்புல் வயலெனப் படர்ந்துள்ளது. உடன் வந்த மீனவப் பெரியவர் சுட்டிக் காட்டிய பின்னரும் எனக்குத் தெரிந்தது ஒரு புல்லிதழே. அது மெல்லத் திரும்பிற்று. கடற்குதிரையின் உறவான குழல் மீன்! சாண் நீளம், புல்லின் பச்சை. வாலால் தாளைப் பற்றி, அலைக்கேற்ப ஆடி நிற்கிறது. பல்லில்லா வாயால் நுண்ணிரையை உறிஞ்சுகிறது. பெண் இடும் முட்டைகளை வயிற்றின் அடியில் ஒட்டிச் சுமப்பது ஆணே. (குழந்தையைத் தூக்க நாணும் ஆடவர் கவனிக்க!) பகைமீனை ஏய்க்கும் இவ்வேடம் இழுவைப் படகின் வலையிடம் செல்லாது, வலை புல்லோடு சேர்த்தே வாரிவிடுகிறது. 2001-ஆம் ஆண்டில் இவ்வினம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. ஆகவே, உலர்ந்த குழல் மீனை மருந்தென்று எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள்.