அம்மாவும் அந்த முகமூடியும்

மூச்சு வாங்குதுன்னா ஆக்சிஜன், அதுவும் எவ்வளவு கூட வைக்கிறாங்களோ அவ்வளவு நல்லதுன்னுதான் எங்க ஊர்ல பேச்சு. போன மார்கழியில் அம்மாவைச் சேர்த்தப்போ டாக்டரம்மா ஆக்சிஜனைக் குறைச்சு வெச்சாங்க. "92-க்கு மேல போக விடாதே"ன்னு நர்ஸ்கிட்ட வேற சொல்றாங்க. என் தம்பி சண்டைக்கே போயிட்டான்.

அவங்க பொறுமையா விளக்கினாங்க. அம்மாவுக்கு வந்திருப்பது சிஓபிடி. நாற்பது வருஷ விறகடுப்பு, நெல் அவிச்ச புகை. பீடி பக்கமே போகாத பொம்பளைங்களுக்கும் இது வரும். இதில் காற்று உள்ளே போறதைவிட வெளியே வர்றதுதான் பெரும்பாடு. கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கிடும். ஆக்சிஜன் அளவு மீறினா அது இன்னும் ஏறி, ஆளை மயக்கத்தில் தள்ளிடும். அதனால 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதுமாம்.

மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்தாங்க. கரியமில வாயு 45-க்குள் இருக்கணும். அம்மாவுக்கு 78. அரைத்தூக்கத்தில் என்னைப் பார்த்து, செத்துப்போன மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு.

அப்புறம் பைபாப் மெஷின் வந்தது. தொண்டையில் குழாய் கிடையாது. மூக்கையும் வாயையும் மூடி இறுக்கமா ஒரு முகமூடி, அவ்வளவுதான். மூச்சை இழுக்கும்போது பலமா காற்றைத் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் குறைச்சுக்கும். சேத்துல மாட்டுன வண்டியைப் பின்னாடி நின்னு தள்ளிக் கொடுப்போமே, அந்த மாதிரி. ஆனா மாடு இழுக்கணும். மூச்சு அம்மாதான் விடணும்.

அம்மா அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுச்சு. அந்த நர்ஸ் பொண்ணு கெட்டிக்காரி. பட்டையை மாட்டாம, முகமூடியைக் கையாலேயே முகத்தில் பிடிச்சுக்கிட்டு, "பாட்டி, மெதுவா இழுங்க, விடுங்க"ன்னு பழக்கிட்டுத்தான் பட்டையைப் போட்டுச்சு. மெஷினைவிட அந்தப் பொண்ணு கைதான் வேலை செஞ்சதுன்னு எனக்கு இன்னமும் தோணும்.

"ரெண்டு மணி நேரம் பார்ப்போம். இறங்கலைன்னா குழாய் போட்டு வென்டிலேட்டர்தான். இந்த நுரையீரலுக்கு அதிலிருந்து எடுக்கிறது கஷ்டமாகலாம். பேசி வைங்க"ன்னாங்க டாக்டரம்மா.

தம்பி போடலாம்னான். தங்கச்சி வேண்டாம்னு அழுதுச்சு. சின்னம்மா வென்டிலேட்டரில் கிடந்து போனப்போ, "எனக்கு இப்படிச் சொருகிடாதீங்கடா"ன்னு அம்மா சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது. அதை அந்த வராந்தாவில் வெச்சுச் சொன்னேன். தம்பி ஒண்ணும் பேசலை, எழுந்து டீக்கடைப் பக்கம் போயிட்டான்.

அடுத்த ரத்தத்தில் 61. மறுநாள் காலையில் முகமூடியைக் கொஞ்ச நேரம் கழற்றினப்போ காபி கேட்டுச்சு. மூக்குத்தண்டில் தோல் உரிஞ்சு புண்ணு. ஆறாம் நாள் வீடு. இப்ப கேஸ் அடுப்பு மட்டும்தான், விறகு ரசம் மாதிரி இல்லைன்னு தினம் ஒரு பாட்டு.

அந்த 61 வராம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்போம்னு தம்பியும் நானும் இன்னும் பேசிக்கலை. அடுத்த பனி இறங்கறதுக்குள்ள அம்மாவையே உட்கார வெச்சு, அவனையும் பக்கத்தில் வெச்சுக்கிட்டுக் கேட்டுடணும்.